நங்கூரத்தில் நின்ற தாய்மாமன்

அருள்பாண்டி வேலை பார்க்கிற கப்பல் ஓர் ஏரியில் நிற்கிறது என்றால் எழுமலையில் யார் நம்புவார்கள்? "ஏரியில ஏதுடி கப்பலு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், அது அமெரிக்காவில் இருக்கிற அக்கரை தெரியாத ஏரி என்று சொல்லிச் சொல்லி அவன் அக்கா தாமரைச்செல்விக்கு வாய் வலித்துவிட்டது. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். அவள் கவலை ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்த மகளின் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் அவன்தான். கூடப் பிறந்தவன் என்று அவளுக்கு வேறு யாரும் கிடையாது.

தேதி குறித்ததில் தப்பு அவளுடையதுதான். "பத்தாம் தேதி கரையில கட்டிருவோம்க்கா. எனக்குப் பதில் ஆள் அங்கதான் ஏறுவான். நான் இறங்கிருவேன்" என்று அவன் சொன்னதை, உசிலம்பட்டி பஸ் வருகிற நேரம் மாதிரி மாறாது என்று நினைத்துப் பத்திரிகை அடித்துவிட்டாள். தானியம் ஏற்றுகிற இடத்தில் ஒரு நேரத்துக்கு ஒரு கப்பல்தான் நிற்க முடியுமாம். மற்றதெல்லாம் நங்கூரம் போட்டு முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டுமாம். இது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இருபது நாளாக அவன் அப்படித்தான் கிடந்தான். கரையில் கார் போவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் கண்ணுக்குத் தெரியும். இறங்கத்தான் முடியாது. நாலு மணி நேரம் காவல் நின்று, காற்றில் நங்கூரம் நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற நேரம் துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, துணி துவைத்து, தூத்துக்குடிக்காரன் ஒருத்தனோடு கேரம் ஆட வேண்டும். காய்கறி தீர்ந்து, மூணு வேளையும் உருளைக்கிழங்கு.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

"அக்கா, நீ திட்டுவ. நான் ஞாயித்துக்கெழம வர முடியாது."

"ஏன்டா?"

"கோதுமை ஏத்துறதுக்கு முன்னாடி கப்பலோட சரக்கு அறையெல்லாம் கழுவிக் காயவிடணும். கரையிலருந்து ஒரு ஆபீசர் வந்து பாப்பாரு. அவரு வாரதுக்கு முன்னாடி, அறையோட மேல்மூடிக்கு அடியில துருச் சில்லு தொங்குறத நான் பாத்துட்டேன். அஞ்சு ஆள் உசரம். கீழருந்து பாத்தா தெரியாது. எங்க கப்பல் ஆபீசர்ட்ட சொல்லிட்டேன். சுரண்டி எடுக்க ரெண்டு நாளாச்சு. எங்க முறை போயிருச்சு, பின்னால நின்ன கப்பல் உள்ள போயிருச்சு. இப்ப மழை வேற. மழையில கோதுமை ஏத்த மாட்டாங்க."

"நீ சொல்லாம இருந்திருந்தா?"

"இந்நேரம் பிளேன்ல இருந்திருப்பேன்" என்றான். "ஆனா திங்கிற பொருளாச்சேக்கா. அதுல துரு விழலாமா?"

அவள் போனை வைத்துவிட்டாள். பெரிய அரிச்சந்திரன்! ரெண்டு நாளும் வீட்டில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின. "அம்புட்டு உசரத்துல எவன் பாக்கப் போறான்? வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன?" என்று புருஷன் ஜெயபாண்டியிடம் புலம்பித் தீர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுமலைக் கோயிலில் கூட்டம் நிறைந்துவிட்டது. கெடா வெந்துகொண்டிருந்தது. ஜெயபாண்டியின் அண்ணன் முத்திருளன்தான் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினார். தாமரைச்செல்வியின் பெரியப்பா மகன் வீரணனைக் கூப்பிட்டு மணையில் உட்கார வைத்து, பிள்ளையை மடியில் கொடுத்தார். "இவனும் மாமன் முறைதானே." ஆசாரி ஊசியை எடுத்தார். அவளும் தடுக்கவில்லை. முத்திருளன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அம்புட்டு உசரத்துல எவன் பாக்கப் போறான்? வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்தப் பய இந்நேரம் இங்க உக்காந்திருப்பான். பொழைக்கத் தெரியாத பய" என்றார், கூட்டம் கேட்கிற மாதிரி. சிலர் சிரித்தார்கள்.

ரெண்டு நாளாக அவள் புருஷனிடம் சொன்ன அதே பேச்சு. அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"வீரணண்ணே, கோவிச்சுக்காத. புள்ளையக் குடு."

"என்னம்மா இது?" என்றார் முத்திருளன்.

"எவன் பாக்கப் போறான்னு நெனைக்காத பய மடியிலதான் எம்புள்ள உக்காரும் மாமா."

"வந்த சனத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இலையப் போடச் சொல்லுங்க. வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும். காது எங்கயும் ஓடிப் போயிறாது."

"அவன் வர ஆறு மாசமானா?"

"ஆகட்டும்."

முத்திருளன் தம்பியைப் பார்த்தார். ஜெயபாண்டி தலையைச் சொறிந்தான். பொண்டாட்டி முகத்தைப் பார்த்தான். பிறகு ஆசாரியிடம், "இன்னொரு நாளைக்கு வாங்கண்ணே. நானே வந்து கூட்டிட்டு வாரேன்" என்றான்.

அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளையின் காதைப் பார்த்தார்கள். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தி பந்தியாகக் குழம்பு ஊற்றினாள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

சாயங்காலம் அவளே போன் போட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"குத்தியாச்சாக்கா?" அவன் குரல் இறங்கியிருந்தது. "ரொம்ப அழுதாளா? யாரு மடியில வச்சீங்க?"

"யாரு மடியிலயும் வைக்கல. குத்தல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அழுகாதடா லூசுப்பயலே" என்றாள். "இன்னும் எங்கயாச்சும் துரு தொங்குதான்னு போய்ப் பாரு. எல்லாத்தையும் சுரண்டிப் போட்டுட்டு மெதுவா வா. எம்புள்ள காத்திருப்பா."