நாற்பத்து நான்கில் நிற்க வேண்டும்

“அதான் கேக்கேன், உருகாம எப்படிலே இருக்கும்?”

“உருகலன்னா நல்லதுதானே ஷீஜா. சூடே ஏறலன்னு அர்த்தம்.”

“ஏலே ரிஸ்வான், உருகுறதுக்குன்னுதான அதை உள்ள வச்சிருக்கோம். குடை வாங்கிட்டு மழையே பெய்யலன்னா, குடை நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுவியா நீ?”

போனின் அந்தப் பக்கம், கோயம்புத்தூர் ஆய்வகத்தில், ரிஸ்வான் சிரித்தான். ஷீஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெயில் தலைக்கு மேல் நின்றது. அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கரும்புச்சாறு வண்டிக்கும் டைம் கீப்பர் அறைக்கும் நடுவில் நடந்துகொண்டே பேசினாள். முதுகில் கனத்த பையின் வார் வியர்வையில் ஒட்டியது. போன் திரையில் பேட்டரிச் சூட்டின் வரைபடத்தை எத்தனையாவது தடவையாகத் திறக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

விஷயம் இதுதான். மின்சார லோடு ஆட்டோவின் பேட்டரி கோடையில் கொதித்துப்போகாமல் இருக்க, அதன் செல்களுக்கு நடுவே மெழுகு நிரப்பிய மெல்லிய தகடுகளைச் செருகியிருந்தாள். அந்த மெழுகு நாற்பத்து நான்கு டிகிரியில் உருகத் தொடங்கும். உருகி முடிகிறவரை வருகிற சூட்டையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும். ஐஸ் கரைந்து தீருகிறவரை சர்பத் சில்லென்றே இருக்கிறதல்லவா, அதே கதைதான். ஏறிக்கொண்டே வருகிற சூடு நாற்பத்து நான்கைத் தொட்டதும், மாடிப்படியில் மூச்சு வாங்க நிற்கிற ஆள் மாதிரி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஆய்வகத்து அடுப்பில் வைத்தபோதெல்லாம் அப்படித்தான் நின்றது. அடுப்பை நம்பாமல், நிஜ வெயிலில் நிஜ பாரத்தோடு பார்க்க வேண்டும் என்று ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில் லோடு ஆட்டோ ஓட்டுகிற தங்கப்பழத்தின் வண்டியில் கொண்டுவந்து மாட்டினாள். பத்து வினாடிக்கு ஒருமுறை பெட்டியின் சூடு கோயம்புத்தூருக்குப் போய்ச் சேரும். ஐம்பத்தெட்டு நாள் ஆயிற்று. ஒரு நாள்கூட நாற்பத்தொன்றைத் தாண்டவில்லை.

பேராசிரியர் ஹெலனுக்கு வாயெல்லாம் பல். வருகிற திங்கட்கிழமை வண்டி கம்பெனிக்காரர்கள் தங்கப்பழத்தின் வண்டியைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த கோடைக்குள் இருநூறு வண்டிகளில் இந்தத் தகடு ஏறும். ஷீஜாவின் ஆராய்ச்சிக்கு மூன்றாவது வருஷம் உண்டா இல்லையா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முந்தாநாள் சாயங்காலம் ரிஸ்வான் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவரை. “ஒன் மெழுகு ஐம்பத்தெட்டு நாளும் நல்லா தூங்கியிருக்கு போல” என்று கேலியாகத்தான் சொன்னான். அது அவளுக்குள் போய் முள்ளாக நின்றுவிட்டது. மெழுகு தூங்கியது என்றால், பெட்டியைக் குளிரவைத்தது யார்?

வழக்கமாக அவள் வருவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு. வயர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தங்கப்பழம் வாங்கித் தருகிற டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவாள். இன்றைக்கு வியாழக்கிழமை. உச்சி வெயில். சொல்லாமல் வந்திருக்கிறாள்.

பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தின் அரைகுறை நிழலில் வண்டி நின்றது. பின்தட்டில் தறித்துண்டுகளின் பேல் மூட்டைகள் ஏறி, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. தட்டுக்குக் கீழே, இடது பக்கம், அவளுடைய பேட்டரி பெட்டி. அதன்மேல் நாலாக மடித்த சணல் சாக்கு ஒன்று, குழந்தைக்குப் போர்த்தினாற்போல, பக்கத்துக்கு ஒரு கயிறு கட்டிப் பதவிசாகப் போர்த்தப்பட்டிருந்தது. சாக்கின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தங்கப்பழம் ஐந்து லிட்டர் கேனைக் கவிழ்த்து, வயர் பக்கம் ஒரு சொட்டுப் படாமல், மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வா பிள்ள. என்ன இது, சொல்லாம கொள்ளாம? வழில எதுவும் சாப்பிட்டியா, இல்லியா?”

“அண்ணாச்சி, இது என்னது?”

“எது?”

“இது.”

“சாக்கு” என்றார் தங்கப்பழம்.

“சாக்குன்னு தெரியுது. எப்பத்துல இருந்து போடுதீங்க?”

“நீ பெட்டிய மாட்டிட்டுப் போன மறுநாள்ல இருந்து. நீதானே சொல்லிட்டுப் போன, அண்ணாச்சி இதுக்குச் சூடு ஆகாது, பத்திரமா பாத்துக்கிடுங்கன்னு. பூவுக்குச் சூடு ஆகாதுன்னா ஈரச்சாக்கு போடுதோம்லா, அதே சோலிதான். பதினோரு மணிக்குப் போட்டா நாலு மணி வரைக்கும், காயக் காய ஊத்திக்கிடுவேன். ஒரு நா விட்டதில்ல பாத்துக்கோ.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கக்கூடாது என்று ஷீஜா பெட்டியையே பார்த்தாள். எதிர் வண்டியில் சாய்ந்திருந்த அதன் டிரைவர் மகாராஜன் எட்டிப் பார்த்து, “பேட்டரிக்கு ஜொரம்னு பத்து போடுதாரும்மா ஒங்க அண்ணாச்சி. நாங்க இந்த வண்டிக்கு ஆஸ்பத்திரின்னே பேரு வச்சிட்டோம்” என்றான்.

“ஒனக்கு என்னவே தெரியும், போ.”

“ஏன் அண்ணாச்சி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

தங்கப்பழத்துக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கேனை மூடியபடி யோசித்தார். “இதுல சொல்லுததுக்கு என்ன மக்கா இருக்கு? மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன்னு எவனாச்சும் போன் போட்டுச் சொல்லிக்கிட்டு இருப்பானா?”

கோபப்பட ஆளில்லாத கோபம் இருக்கிறதே, அது மாதிரி மனுஷியைப் பாடாய்ப் படுத்துவது வேறெதுவும் இல்லை. ஷீஜா கொஞ்சம் தள்ளிப்போய் நின்று ரிஸ்வானைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். கடையநல்லூர்க்காரனான அவனுக்கு ஈரச்சாக்கு என்ன செய்யும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

“திங்கக்கிழமை மட்டும் சாக்கு போட வேண்டாம்னு சொல்லு” என்றான். “வாரவங்க காலைல பத்து மணிக்குத்தான் வாராங்க. அந்நேரம் சூடு ஏறாது. ஐம்பத்தெட்டு நாள் ரீடிங்கும் நிஜ ரீடிங்தானே. நாம ஒண்ணும் கையால எழுதல.”

“ம்.”

“நான் சொன்னேன்னு செய்யாத” என்று சேர்த்துக்கொண்டான் உடனே. “ஆனா யோசி.”

யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கண்ணுக்கு முன் வண்டிகள்தான் வந்து நின்றன. இருநூறு வண்டி. ஏதேதோ ஊர், ஏதேதோ ரோடு. மதியம் ஒரு மணி வெயிலில், தட்டு நிறையப் பாரத்தோடு, அதன் கீழே என்ன கொதிக்கிறது என்று தெரியாமல் ஓட்டிப்போகிற இருநூறு பேர். இருநூறு தங்கப்பழத்துக்கு எங்கே போவது? தகடு நிஜமாகவே வேலை செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம். இந்தப் பூமியில் யாருக்கும் அது தெரியாது. ஐம்பத்தெட்டு நாளும் சோதித்தது மெழுகை இல்லை, ஒரு சாக்கை.

“அண்ணாச்சி, இப்ப லோடு எங்க போகுது?”

“புளியங்குடிக்கு. பத்து பேலு, லாரி ஆபீஸ்ல போடணும். மேல இந்தா, ஒரு கூடை பிச்சிப்பூ. கல்யாண மண்டபத்துக்கு. சாயங்காலம் ரிசப்சன்.”

“சாக்கு இல்லாம போவோமா?”

அவர் பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பூக்கூடையைப் பார்த்தார். “பாதி வழில நின்னுட்டா?”

“ஐம்பத்தஞ்சு டிகிரி போச்சுன்னா தானா ஆஃப் ஆயிரும். வேற ஆபத்து இல்ல. நின்னுச்சுன்னா கூடைய நான் பஸ்ல கொண்டுபோய் மண்டபத்துல குடுத்துருதேன்.”

“நீ தூக்கிருவ” என்றார், அவளுடைய கையைப் பார்த்து. ஆனாலும் கயிற்றை அவிழ்த்தார். ஈரச்சாக்கை எடுத்து உதறி, பூக்கூடையை மூடியிருந்த சாக்குக்கு மேல் இன்னொன்றாகப் போட்டார். ஷீஜா கூடையை வலது ஓரத்துக்கு நகர்த்தச் சொன்னாள். அதிலிருந்து ஒரு சொட்டுகூடப் பெட்டியின்மேல் விழக்கூடாது. தன் துப்பட்டாவால் பெட்டியின் மூடியை ஒற்றி ஒற்றித் துடைத்து, அது முழுக்கக் காய்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

டிரைவர் சீட்டில் இடது ஓரமாக ஒண்டிக்கொண்டாள். வண்டி ஊரைத் தாண்டியது. தறிக்கூடங்களின் தடதட சத்தம் பின்னால் போய், பருத்திக்காடும் காய்ந்த குளமும் வந்தன. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. போனில் எண் மெதுவாகத்தான் ஏறியது. சைக்கிளில் போன ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார்.

“அண்ணாச்சி, எப்பவும் இப்படியா ஓட்டுவீங்க?”

“பையத்தான் போவேன்.”

“எப்பவுமா?”

“ஒன் பெட்டி வந்ததுல இருந்து” என்றார் தங்கப்பழம். “வெரட்டுனா சூடாகுதுல்லா.”

ஷீஜா கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. “அண்ணாச்சி, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். பழைய டீசல் வண்டிய எப்படி ஓட்டுனீங்களோ அப்படி ஓட்டுங்க.”

“நெசமாவா?”

“நெசமா.”

அவர் உட்கார்ந்திருந்த தோரணையே மாறிப்போயிற்று. வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. பேல்கள் முனகின. நாற்பது. நாற்பத்தொன்று. ஐம்பத்தெட்டு நாளில் தாண்டாத எண்ணைக் கால் மணி நேரத்தில் தாண்டியாயிற்று. நாற்பத்திரண்டு.

நாற்பத்திரண்டரையில் அவள் பேராசிரியருக்குத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். ‘மேடம், பெட்டியின்மேல் தினமும் ஈரச்சாக்கு இருந்திருக்கிறது. எனக்கு இன்றுதான் தெரியும். வண்டியும் மெதுவாகவே ஓடியிருக்கிறது. ஐம்பத்தெட்டு நாள் ரீடிங்கை மெழுகின் கணக்கில் எழுத முடியாது. திங்கட்கிழமைக்கு முன் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.’ அவ்வளவுதான். விரல் அனுப்பும் அம்புக்குறிக்கு மேல் நின்றது. நாற்பத்து நான்கில் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு அனுப்பலாமே என்று தோன்றியது. தோன்றியதும் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. நிற்காமல் நாற்பத்தைந்து, ஆறு என்று ஏறிப் போய்விட்டால், இந்தச் செய்தியை அனுப்புகிற ஷீஜா அப்போது இருப்பாளா? அவளைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு. அனுப்பிவிட்டாள்.

இரண்டு டிக் விழுந்தது. நீலம் ஆகவில்லை.

“எவ்வளவு இருக்கு?” என்றார் தங்கப்பழம், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நாப்பத்து மூணு புள்ளி எட்டு.”

“எதுல நிக்கணும்?”

“நாப்பத்து நாலுல.”

“நிக்குமா?”

நாற்பத்து மூன்று புள்ளி ஒன்பது. நாற்பத்து நான்கு. நாற்பத்து நான்கு புள்ளி ஒன்று. அடுத்த பத்து வினாடி. புள்ளி ஒன்று. அடுத்தது. புள்ளி ஒன்று. ஷீஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் திரை சட்டென்று பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். வெயிலைக் காணவில்லை.

“மலைல மழை கட்டுது” என்றார் தங்கப்பழம். எதிரே மேற்கு மலை முழுக்கக் கருத்து இறங்கியிருந்தது. மண் வாசனையோடு காற்று ஒன்று எதிர்த்து வந்து அவளுடைய முடியைப் பின்னால் தள்ளியது. நல்ல குளிர்ந்த காற்று. ஊரே அந்தக் காற்றுக்குத்தான் இரண்டு மாதமாகக் காத்துக் கிடந்தது.

“இப்பப் போய் வரணுமா இது” என்றாள் ஷீஜா.

“வண்டிய நிறுத்தவா?”

“நிறுத்தக்கூடாது அண்ணாச்சி. இதே வேகத்துல போங்க. குறைக்கவும் செய்யாதீங்க.”

கண்ணாடியில் முதல் சொட்டு தட்டையாக விழுந்தது. அவள் பையிலிருந்து குடையை உருவினாள். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பை வெளியே சாய்த்து, குடையைப் பாதி விரித்து, பெட்டியின்மேல் ஒரு சொட்டுப் படாமல் நீட்டிப் பிடித்தாள். எதிரே வந்த பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் திரும்பின. மழை அவளுடைய முதுகில் விழுந்தது. மடியில் கிடந்த போனில் எண் அதே இடத்தில் நின்றது.

“ஏட்டி, விழுந்துராத” என்று தங்கப்பழம் ஒரு கையால் அவளுடைய பையின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டார். வேகத்தைக் குறைக்கவில்லை.

ரிஸ்வான் போன் பண்ணினான். கம்பியிலிருந்து ஒரு நொடி கையை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஷீஜா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஏழு நிமிஷமா அசையல.”

“ஏலே, இங்கன மேகம் வந்துட்டு. காத்தும் அடிக்கி. வெயில் போனதும் நிக்கல, அதுக்கு முந்தியே ரெண்டு மூணு ரீடிங் நின்னுது, நான் பாத்தேன். இல்ல, பாத்த மாதிரி இருந்துச்சு. மெழுகு முழிச்சுக்கிட்டா, இல்ல இந்த மேகம்தான் ஈரச்சாக்கு வேலைய பாக்குதா? சொல்லு, நீ என்ன நினைக்க?”