பதினாலு சதவீதம்

ஆனைமட்டம் அரசு உயர்நிலைப் பள்ளியில் இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியது மொத்தமே ஏழு பேர். ஆறு பேர் தேறிவிட்டார்கள். விமல் மட்டும் கணக்கில் மூன்று மார்க்கில் கோட்டைவிட்டான். மனுஷனாக இருந்தால் 'ஒரு பையன்தானே' என்று விட்டிருப்பான். கல்வி அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு விமலைத் தெரியாது. தோல்வி பதினாலு சதவீதம், தேர்ச்சி மாவட்டச் சராசரிக்குக் கீழே என்று அது சொல்லிவிட்டது. ஊட்டியில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்கு வந்து விளக்கம் சொல்லச் சொல்லி தலைமையாசிரியை பியாட்ரிஸுக்கு உத்தரவு வந்தது.

பியாட்ரிஸ் டீச்சருக்குக் கூட்டத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. இத்தனை வருஷ வேலையில் வாங்காத திட்டா? கவலையெல்லாம் விமலைப் பற்றித்தான். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கூட்டம் நடக்கும் அன்றைக்கே கடைசி நாள். பயலோ மசினகுடியில் ஜீப் ஓட்டும் வடிவேல் மாமாவிடம் வேலைக்குப் போவதாகப் பையைக் கட்டிவிட்டான். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அவன் அம்மா தெய்வம்மா அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தான்.

"கணக்குக்கும் எனக்கும் ஆகாது டீச்சர். விட்டுருங்க" என்றான்.

"சரிடா, விட்டுட்டேன். மசினகுடி பஸ் ஊட்டியில இருந்துதானே? எங்கூட வா. கூட்டம் முடியற வரைக்கும் துணைக்கு இரு. அப்புறம் உன் இஷ்டம்."

போகிற வழியில் மனசு மாறிவிடாதா என்று டீச்சருக்கு ஒரு நப்பாசை. பஸ்ஸில் அவன் ஊட்டி வரை தூங்கினான். அந்த ஆசையிலும் மண் விழுந்தது.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சராசரிக்குக் கீழே போன பள்ளிக்காரர்கள் தங்கள் முறை முடியும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் முறை முடிந்து உட்கார்ந்துவிட்டார்கள், டீச்சர் மட்டும்தான் பாக்கி. அவருக்கு மூட்டுவலி. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து நாற்காலியில் டவுன் பள்ளித் தலைமையாசிரியர் சிவகுரு சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பள்ளியில் இருநூற்று இருபது பேர் எழுதி இருபது பேர் தோற்றிருந்தார்கள். ஆனால் தேர்ச்சி சதவீதம் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. கும்பலோடு கும்பலாகத் தோற்றால் கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது.

மேடையில் இருந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். "ஆனைமட்டம். பதினாலு சதவீதம் பெயில். என்ன மேடம் இது? அந்தப் பதினாலு சதவீதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்க?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் அவர் வாய் சும்மா இருக்காது.

"கூட்டிட்டே வந்திருக்கேனுங்க சார். பதினாலு சதவீதமும் வெளிய வராண்டாவுல உக்காந்து வர்க்கி தின்னுட்டு இருக்கான். கூப்பிடட்டுங்களா?"

மண்டபமே குலுங்கியது. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கூப்பிடச் சொன்னார். வாயோரம் வர்க்கித் தூளோடு விமல் உள்ளே வந்து நின்றான்.

"ஏம்ப்பா பெயிலானே?"

"கிராப்பும் ஜாமெட்ரியும் போடல சார். பாக்ஸ் இல்ல."

"பாக்ஸ் எங்க போச்சு?"

"பரீட்சைக்கு வர்ற வழியில காட்டெருமை நின்னுச்சு சார். ஓடுனேன், பாக்ஸ் விழுந்துருச்சு. திரும்பிப் போய்ப் பாத்தா, அது பாக்ஸ் மேலயே நின்னுட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம் நகரவே இல்ல."

"பக்கத்துல யார்கிட்டயாவது வாங்கித் தாங்கன்னு ஹால்ல இருந்த சார்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"ஹால்ல வாயே தொறக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க சார்."

பியாட்ரிஸ் டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். வருஷம் பூராவும் சொன்ன ஆயிரம் பேச்சில் பயல் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருக்கிறான், அதையும் அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறான்!

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "சரி, மறுபடி எழுதறியா?" என்றார் அதிகாரி.

டீச்சர் விமலுக்காகப் பேசவில்லை. பேசினால் கெஞ்சலாகிவிடும், கெஞ்சினால் அவன் ஓடிவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். விமல் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, தன்னுடைய டீச்சர் மட்டும் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. எதற்காக நிற்கிறார் என்பதும் புரிந்தது.

"டீச்சர மொதல்ல உக்காரச் சொல்லுங்க சார்" என்றான். "நான் எழுதறேன்."

மண்டபத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. "உக்காருங்க மேடம்" என்றார் அதிகாரி அவசரமாக. டீச்சர் உட்கார்ந்தார். கண் கலங்கியது, மூட்டுவலி என்று நினைக்கட்டும் என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"துணைத்தேர்வுல பாஸானாலும் உங்க ஸ்கூல் சதவீதம் மாறாது. தெரியுமில்ல?"

"தெரியுங்க சார். இவன் பதினொண்ணாங் கிளாஸ்ல போய் உக்காந்தாப் போதுங்க."

அதிகாரி காகிதத்தை மூடிவைத்தார். பிறகு சிவகுரு பக்கம் திரும்பி, "சார், உங்க இருபது பேரு யாரு யாருங்க? பேரு சொல்லுங்க" என்றார். சௌகரியமாகச் சாய்ந்திருந்த சிவகுரு, யாரும் சொல்லாமலேயே எழுந்து நின்றார்.

கூட்டம் முடிந்ததும் நெட் சென்டரில் விண்ணப்பித்தார்கள். புது ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றையும் டீச்சர் வாங்கிக் கொடுத்தார். மாமாவின் போன் வந்தது. "இல்ல மாமா, இப்ப வரல. கணக்கு ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான் விமல்.

"டேய், பரீட்சை அன்னிக்கு பாக்ஸைச் சட்டைக்குள்ள போட்டுக்கோ. காட்டெருமை வந்தா நீ ஓடுனாப் போதும், பாக்ஸும் கூடவே வந்துரும்" என்றார் டீச்சர்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு சீட்தான் காலியாக இருந்தது. விமல் ஓடிப்போய் அதில் பையைப் போட்டு இடம்பிடித்து டீச்சரை உட்கார வைத்தான். சட்டைக்குள் பாக்ஸ் துருத்திக்கொண்டிருக்க, ஆனைமட்டம் வரைக்கும் அவன் நின்றுகொண்டே வந்தான்.