பன்னிரண்டு ரோசாப்பூக்கள்

ஓவியம் படிப்பிக்கும் ஹலீனா ரீச்சரின் மகனிடமிருந்து ஒன்பது நாளாக ஒரு செய்தியும் இல்லை. அவன் உக்ரேனில் போர்முனையில் நிற்கிறான். இந்த நேரம் பார்த்துத்தான் ஸ்காபரோ நூலகத்தில் ரீச்சரின் ஓவியக் கண்காட்சி வந்து சேர்ந்தது. தள்ளிவைப்போமா என்று, அதை ஒழுங்கு செய்த அருள்நாயகி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"வீட்டிலிருந்தால் தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வேண்டாம்" என்றார் ரீச்சர், இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்.

அருள்நாயகிக்கு ஐம்பத்தெட்டு வயது. மன்னார்க்காரி, வாய் கொஞ்சம் நீளம். மூன்று வருடமாகச் செவ்வாய்தோறும் ரீச்சரிடம் படம் கீறப் பழகுகிறாள். முதல்நாளே ரீச்சர் அவளுடைய கறுப்புப் பெயின்ற்றைப் பறித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நிழலுக்குள்ளும் நிறமிருக்கிறது, தேடு என்றார். அவள் தேடித் தேடி ஒரு கத்தரிக்காயை முடிக்கவே ஆறு கிழமை எடுத்தது. கார்கிவ் நகரத்து ஓவியப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் படிப்பித்த மனுசியிடம் சாக்குப்போக்கு எடுபடுமா? சுருட்டிய பதினான்கு படங்களோடு ரொறன்ரோவில் வந்திறங்கியவர், இப்போது பகலெல்லாம் முதியோர் இல்லத்தில் கட்டில் விரிக்கிறார். அந்தப் பதினான்கும் இன்றுதான் சுவரேறியிருந்தன.

வெறுங்கையோடு போவது அழகில்லையென்று அருள்நாயகி பிளாசாவில் ஒரு டசின் சிவப்பு ரோசா வாங்கினாள்.

"உவ்வளவு பூ என்னத்துக்கு?" என்றான் கணவன் கஸ்பர்.

"நீங்கள் பேசாமல் காரை ஓட்டுங்கோ. கலியாணத்துக்கே எனக்கு உவ்வளவு தரேல்லை."

ரீச்சர் சிரித்த முகத்தோடுதான் பூக்களை வாங்கினார். பிறகு அவருடைய உதடுகள் அசைந்தன, எண்ணுகிறார். முகம் வெளிறிப்போயிற்று. சட்டென்று ஒரு பூவை உருவிக் குப்பைத்தொட்டிக்குள் போட்டார்.

"எங்கள் ஊரில் உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றை எண்ணிக்கையில்தான் பூக் கொடுப்போம்" என்றார் மெதுவாக. "இரட்டை எண் செத்தவர்களுக்கு. உனக்குத் தெரியாதுதானே, விடு."

உயிரோடிருக்கிற தன் மகள் நிரோஷினியின் படத்துக்கு யாராவது மாலை போட்டிருந்தால் அருள்நாயகி அந்த இடத்தையே இரண்டாக்கியிருப்பாள். இந்த மனுசி விடு என்கிறார். மடுமாதாவே, பிழை விட்டது நான், அந்தப் பிள்ளையில் கை வைத்துவிடாதே என்று மனதுக்குள் மன்றாடினாள். வந்தவர்கள் படங்களைப் பார்த்தார்கள், புகழ்ந்தார்கள். அவள் தொலைபேசி கிடந்த ரீச்சரின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மணிபோல அந்தப் பைக்குள் தொலைபேசி அடித்தது. மருமகள். ரீச்சர் நடைபாதைக்கு ஓடினார். அருள்நாயகியும் பின்னால் ஓடினாள். அந்தப் பாஷை அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது, முகத்தைத்தான் படித்தாள். ரீச்சர் அலறவில்லை. சுவரில் சாய்ந்து நெடுநேரம் கேட்டார். பிறகு மூச்சை இழுத்து விட்டார்.

"இறந்தவர்களில் அவன் பெயர் இல்லையாம். காணாமல்போனவர்கள் பட்டியலில் போட்டிருக்கிறார்கள்." அவருடைய கன்னங்களில் இரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. "அப்படியென்றால் எங்கேயோ இருக்கிறான். நல்ல செய்திதானே, அருள்?"

அருள்நாயகியின் தம்பி இக்னேசியஸ், ஊரில் போர் முடிந்ததிலிருந்து பதினாறு வருடமாக அப்படியொரு பட்டியலில் இருக்கிறான். அவனுக்காக இன்றுவரை ஒரு பூசைகூட அவள் ஒப்புக்கொடுத்ததில்லை. உயிரோடிருப்பவரின் சுகத்துக்கா, செத்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கா என்று, பூசைக்குப் பதிகிற கோயில் கந்தோரில் கேட்பார்கள். இரண்டு தரம் வாசல்வரை போய்த் திரும்பி வந்திருக்கிறாள்.

ரீச்சர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் ரீச்சர்" என்றாள். "நல்ல செய்திதான்."

ரீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.