கிழக்குப் பார்த்த முகம்

கேதீஸ்வரிக்குப் பொறுமை போய் வெகுநேரமாகிவிட்டது. பழுகாமத்து வாவிக்கரையில், வீட்டு வளவுக்கு முன்னால், மயில்கழுத்து நிறச் சேலையும் தலை கொள்ளாத பூவுமாக அவள் நிற்கிறாள். எதிரே காலைச் சூரியன். அது ஒன்று போதாதென்று தண்ணீருக்குள் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கண்ணைக் குத்துகின்றன. இந்த லட்சணத்தில் அவள் சிரிக்கவும் வேண்டுமாம்!

"கண்ணத் திற அக்கா. சுருக்காத" என்றான் தம்பி மதுரன். கமரா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. யூடியூப்பில் படித்த பாடத்தையெல்லாம் அவள் முகத்தில்தான் பரீட்சை பார்க்கிறான்.

"நீ இஞ்ச வந்து நிண்டு திறந்து பாரன்டா!"

"அதத்தானே நானும் சொல்றன். வெயிலுக்கு முதுகக் காட்டி நில்லு. நேர அடிச்சா கண் கூசும், மூக்குக்குக் கீழ கறுப்பா நிழல் விழும்."

"வாய மூடுடா" என்று குறுக்கே விழுந்தாள் அம்மா மங்கையற்கரசி. "கலியாணத்துக்கு எடுக்கிற படம். கிழக்கப் பாத்துத்தான் நிக்கணும். சூரியனுக்கு முதுகக் காட்டினா விளங்குமா?"

"அப்ப பின்னேரம் எடுப்பம் அம்மா. நாலரைக்குப் பிறகு வெயில் மஞ்சளா, மெதுவா வரும். முகம் வடிவா இரிக்கும்."

"ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம்டா, மடையா!"

இரண்டு பேருக்கும் நடுவில் கேதீஸ்வரியின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அம்மா அள்ளி அப்பிய பவுடர் அதில் கரைந்து திட்டுத் திட்டாக நின்றது. எடுத்த படத்தில் அவள் திருநீற்றில் விழுந்து எழும்பியவள் போல இருந்தாள். கலியாணம் பேசுகிற கனகசிங்கமோ, படம் எங்கே என்று ஓயாமல் போன் எடுத்துக்கொண்டிருந்தார். கிரான் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் இன்று மத்தியானம் கூடுகிறார்களாம். அதற்குமுன் படம் போய்ச் சேர வேண்டும்.

படம் என்றாலே அவளுக்கு எரிச்சல் வரும். போன தடவை அம்மா டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் அவளைச் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு முன்னால் வந்து நின்ற கேதீஸ்வரியைப் பார்த்து, மாப்பிள்ளையின் தாய், "பொம்பிளையக் கூப்பிடுங்களன், பாப்பம்" என்றாள். தட்டைப் பிடித்திருந்தவள்தான் பொம்பிளை என்று தெரிந்ததும் அம்மா எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள். வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு பதிலும் இல்லை.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" என்று கத்திவிட்டு அவளே வாவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "எடுடா!"

மதுரன் எடுத்தான். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் தகதகவென்று மின்னியது, தலைமுடி ஓரமெல்லாம் பொன்னாய் ஒளிர்ந்தது, முகத்தை மட்டும் காணோம்.

"ஐயோ, என்ட புள்ளையக் கரிச்சட்டி ஆக்கிப்போட்டானே!"

"பின்னால தண்ணி பளபளக்குதம்மா. கமரா அதப் பாத்து ஏமாந்து முகத்த இருட்டாக்கிட்டு. பொறுங்க, முன்னால வெள்ளையா ஒண்டப் பிடிச்சா வெளிச்சம் திரும்பி முகத்துல விழும்."

ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை உருவிக்கொண்டு வந்து விரித்தான். மங்கையற்கரசி அதைப் பறித்த வேகத்தில் அவன் விழப்பார்த்தான்.

"நல்ல காரியத்துல குமர்ப்புள்ளைட முகத்துக்கு நேர வெள்ளைச் சீலையாடா பிடிக்கிறாய்? இது என்ன செத்த வீடா?"

இனி இந்த வீட்டில் மனிசர் இருக்க ஏலாது என்று நினைத்தாள் கேதீஸ்வரி. விறுவிறுவென்று வீட்டின் பின்பக்கம் போய், நிழலில் கவிழ்ந்து கிடந்த உரலில் குந்தினாள். முந்தானையால் பவுடரையும் வியர்வையையும் அழுத்தித் துடைத்தாள். எதிரே, அடுத்த வீட்டார் புதிதாக வெள்ளையடித்த மதிலில் வெயில் முழுதாக விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்து திரும்பிய வெளிச்சம் கண்ணைக் குத்தாமல், சூடும் இல்லாமல், அவள் முகத்தில் வந்து படிந்தது.

பின்னாலேயே வந்த மதுரன் அப்படியே நின்றான். "அக்கா, அசையாத."

அவள் நிமிர்ந்து முறைத்தாள். அவன் கமராவின் பொத்தானை அமத்தினான்.

பின்னால் வந்துவிட்ட அம்மாவும் எட்டிப் பார்த்தாள். கறுத்த முகம், கறுப்பாகவே, ஆனால் ஒரு திட்டு இல்லாமல் துலங்கியது. கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. உதட்டோரம் கோபம் இருந்தது. அது அவளேதான்.

"வடிவாத்தான் இரிக்கு" என்றாள் மங்கையற்கரசி மெதுவாக. உடனே குரலை இன்னும் தாழ்த்தினாள். "நிறத்த மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கிட்டு அனுப்பு மனே."

"ஆக்க ஏலும்…" என்று இழுத்தான் மதுரன். படம் அதற்குள் கமராவிலிருந்து அவன் போனுக்கு வந்திருந்தது. கேதீஸ்வரி எட்டிப் போனைப் பறித்தாள். கனகசிங்கத்தின் பெயரைத் தேடி அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"என்னகா செஞ்சாய்! இந்த நிறத்தப் பாத்தா வேணாம் எண்டிருவாங்களே!"

"வேணாமெண்டா அங்கேயே இரிந்து சொல்லட்டும். அண்டைக்கு நீங்க அடுப்படிக்குள்ள போய் ஒளிச்சிருந்து அழுதீங்க அம்மா. அவங்கட முகத்துக்கு முன்னால நிண்டது நான்."

அந்த நேரம் பார்த்து, கேதீஸ்வரியின் கையிலிருந்த போன் அடித்தது. கனகசிங்கம்தான். அவள் காதில் வைப்பதற்குள் அம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

"ஓம் அண்ணன், வந்திச்சா? என்ட மகள்தான்." அந்தப் பக்கம் அவர் நிறத்தைப் பற்றி என்னவோ கேட்டார். மங்கையற்கரசி மகளின் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெயிலும் இல்ல, நிழலும் இல்ல அண்ணன்" என்றாள். "நிறமே அதுதான். அப்படியே காட்டுங்க."