உப்பிய டிரம்

சூட்டறைக் கதவைத் திறந்த ஜோவிதா வாசலிலேயே நின்றுவிட்டாள். நேற்று மாலை உள்ளே ஏற்றியபோது டிரம்மின் மேல்தகடு தட்டையாக இருந்தது. இப்போது நடுவில் மேடிட்டு உப்பியிருந்தது. அடித்தகடும் வெளியே தள்ளியிருக்க வேண்டும். டிரம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரு அடிகூட வைக்கவில்லை.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த அந்தத் தொழிற்சாலையில் கோல்ஃப் பந்து செய்தார்கள். ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைத்து உருண்டையாக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் தோல் ஏற்றி அனுப்புவதுதான் பல வருட வேலை. எல்லாம் விலை மலிந்த பந்துகள். நல்ல ஆட்டக்காரர்கள் வாங்கும் பந்துக்கு வெளித்தோல் யூரித்தேனில் இருக்க வேண்டும், அதுவும் விரல் நகத்தைவிடச் சற்றே தடிமனாக. அதைத் திரவமாக அச்சில் ஊற்றி, இறுகத் தொடங்கும் சரியான கணத்தில் உருண்டையை உள்ளே இறக்க வேண்டும். முந்தினால் உருண்டை ஒரு பக்கம் அமிழ்ந்துவிடும். பிந்தினால் காற்றுக் குமிழி விழும்.

வெளிநாட்டிலிருந்து வந்த எந்திரம் அந்தக் கணத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்தது. இங்கே அது ஒத்துவரவில்லை. மழை நாளில் அந்த யூரித்தேன் ரெசின் ஒரு மாதிரி இறுகியது, வெயில் நாளில் வேறு மாதிரி. பிராசஸ் இன்ஜினியராக இருந்த ஜோவிதா கடிகாரக் கணக்கை எடுத்துவிட்டாள். கலவைத் தண்டு சுற்றுவதற்கு எவ்வளவு திணறுகிறது என்று அளந்து, அந்தத் திணறல் ஒரு அளவை எட்டியதும் உருண்டை இறங்கும்படி எந்திரத்தை மாற்றியமைத்தாள். இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது வரும் பந்துகளை எக்ஸ்ரேயில் பார்த்தால் தோல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தது. ஒசாகாவிலிருந்து வாங்குபவர்கள் நாளை நேரில் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட இருந்த ரெசின் முழுவதும், உருகுவதற்காகச் சூட்டறையில் வைத்த இந்த ஒரு டிரம்மில்தான் இருந்தது.

அவள் போனை எடுத்து மெயின்டனன்ஸ் வில்சனை அழைத்தாள்.

"வில்சன், சூட்டறை ஹீட்டரை பேனல்லயே ஆஃப் பண்ணுங்க. ரூம் பக்கம் வராதீங்க."

"இன்னா மேடம், எதுனா லீக்கா?"

"டிரம்முக்குள்ள தண்ணி போயிருக்கு. உப்பிட்டே வருது."

வில்சனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த ரெசினுக்குத் தண்ணீர் ஆகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு டம்ளர் சேர்ந்தாலே உள்ளே வாயு கிளம்பும். சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மூடிய டிரம்மில் அந்த வாயுவுக்குப் போக வழியில்லை.

"ஐயோ, சுவத்துக்கு அந்தாண்ட பொண்ணுங்க கீறாங்களே மேடம்," என்றார் வில்சன்.

சூட்டறையின் அடுத்த சுவருக்கு அப்பால்தான் டிரிம்மிங் பகுதி. பந்தின் நடுவில் அச்சு சேர்ந்த கோட்டைத் தேய்த்தெடுக்கும் பெண்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஹீட்டர் விளக்கு அணைந்தது. அது அணைந்ததைப் பார்த்துத்தான் சம்பத்குமார் வந்திருக்க வேண்டும். தொழிற்சாலையின் மேலாளர். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். தினமும் நெற்றியில் திருமண்ணோடுதான் ஷாப் ஃப்ளோருக்குள் வருவார். யூரித்தேன் பந்தை இங்கேயே செய்யலாம் என்று தலைமை அலுவலகத்தோடு வருடக்கணக்கில் சண்டை போட்டு, அந்த எந்திரத்தை வரவழைத்தவர் அவர்தான்.

"ஹீட்டரை யார் நிறுத்தினது? மெட்டீரியல் உருகலைன்னா நாளைக்கு எதை ஊத்தறது?"

ஜோவிதா கதவின் கண்ணாடிச் சதுரத்தைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"சூட்டுக்கு எல்லா டிரம்மும் கொஞ்சம் உப்பத்தாம்மா செய்யும்."

"இவ்ளோ உப்பாது சார். போன வாரம் யார்டுல நின்னப்போ தண்ணி இறங்கியிருக்கு. காத்துல தார்ப்பாய் பறந்துடுச்சில்ல? மேல்தகட்டுல மழைத்தண்ணி நின்னிருக்கும். ராத்திரி குளிர்ந்ததும் மூடி வழியா உள்ள இழுத்திருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. புது எக்ஸ்ரே எந்திரத்துக்கு இடம் வேண்டும் என்று ஸ்டோரிலிருந்து டிரம்மை யார்டுக்கு மாற்றச் சொன்னவர் சம்பத்குமார். அவர் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது.

"மூடியைத் துளி லூஸ் பண்ணினா காத்து போயிடும்," என்றார்.

"இப்போ கை வெச்சா மூடி குண்டு மாதிரி கிளம்பும். மொதல்ல எல்லாரையும் வெளிய அனுப்பணும் சார்."

"சைரன் அடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா? ஃபயர் சர்வீஸ் வரும், ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன் வரும். நாளைக்கு விசிட் கேன்சல். அவா திரும்ப வரவே மாட்டா. கொஞ்சம் பொறு, நிதானமா யோசிப்போம்."

உள்ளே தகடு ஒருமுறை 'டொங்' என்றது.

ஜோவிதா சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் இடித்து உடைத்து, பொத்தானை அழுத்தினாள். சம்பத்குமார் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சைரன் சத்தத்தில் அது காதில் விழவில்லை.

டிரிம்மிங் பெண்கள் முதலில் வழக்கமான பயிற்சி என்று நினைத்து மெதுவாக எழுந்தார்கள். ஜோவிதா கத்திய கத்தலில் ஓட ஆரம்பித்தார்கள். பிரஸ் பகுதி, பெயின்ட் பகுதி, கேன்டீன் எல்லாம் காலியாயின. வெளியே தூறிக்கொண்டிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், லேபில் வேலை பார்க்கும் மேதா பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் யாரையும் விடவில்லை.

"எல்லாரும் இருக்காங்க ஜோவிதா. சம்பத் சார் மட்டும்தான் காணோம்."

"கேட்டுக்கு வெளிய போன் பேசிட்டிருப்பார், பாரு."

வில்சன் தலையை ஆட்டினார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "இல்ல மேடம். என் டூல் பாக்ஸ்லேர்ந்து பெரிய ரென்ச்சை எடுத்துக்கினு போனாரு. நீங்கதான் கேட்டீங்கன்னு நெனச்சேன்."

ஜோவிதா கேட் அலமாரியில் இருந்த வாயு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னால் மேதா கூப்பிடுவது கேட்டது. திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தாள். கால்கள் மட்டும் நிற்கவில்லை.

காலியான ஹாலில் சைரன் இன்னும் பெரிதாகக் கேட்டது. பாதி தேய்த்த பந்துகள் தட்டுகளில் அப்படியே கிடந்தன. சூட்டறைக் கதவு திறந்திருந்தது. சம்பத்குமார் டிரம்முக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முகமூடி இல்லை. ரென்ச்சை மூடியில் பொருத்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சார்!"

முகமூடிக்குள் குரல் அடங்கிப்போயிற்று. அவர் திரும்பவில்லை. இன்னும் இரண்டு முறை கத்திப் பார்த்தாள். பிறகு முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"சார், கையை எடுங்க!"

அவர் திரும்பினார். நெற்றியில் வேர்வையில் திருமண் கரைந்திருந்தது. "நீ ஏம்மா உள்ள வந்தே? போ. ஒரே ஒரு சுத்துதான். காத்து இறங்கிட்டா மெட்டீரியல் பிழைச்சுடும்."

"பிழைக்காது சார். அது செத்துப்போச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி சேர்ந்த ரெசினை அச்சுல ஊத்தினா நுரைதான் பொங்கும். நீங்க மூடியை நல்லபடியா திறந்தாக்கூட நாளைக்கு ஒரு பந்து வராது. உள்ள காப்பாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல சார்."

அவர் டிரம்மைப் பார்த்தார். ரென்ச்சிலிருந்து கை எடுபடவில்லை.

"நான்தானே வெளிய வைக்கச் சொன்னேன்," என்றார்.

இல்லை என்று ஆறுதல் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லிக்கொண்டிருக்க அங்கே நேரமும் இல்லை.

"ஆமா, நீங்கதான் சொன்னீங்க. அதுக்காக இங்க நின்னு சாவப் போறீங்களா? அதை அப்படியே விட்டுட்டு வாங்க சார்."

சம்பத்குமார் ரென்ச்சை மெல்ல விடுவித்துத் தரையில் வைத்தார். சத்தம் வராமல், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் வைப்பதுபோல் வைத்தார். வாசலுக்கு வந்தார். அப்போது பின்னால் தகடு கிழியும் கீச்சொலி கேட்டது.

ஜோவிதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். எக்ஸ்ரே அறையைத் தாண்டுவதற்குள் டிரம் வெடித்தது. சத்தம் என்று அவளுக்கு எதுவும் நினைவில்லை. முதுகில் யாரோ பலகையால் அறைந்த மாதிரி இருந்தது. தரையில் கிடந்தாள். சூட்டறைச் சுவர் பாதி சரிந்து, மஞ்சள் நுரை உடைந்த கற்களின் மேல் வழிந்து வந்துகொண்டிருந்தது. சம்பத்குமாரின் தோள்மேல் ஒரு கல் கிடந்தது. முனகிக்கொண்டிருந்தார்.

மூக்கையும் தொண்டையையும் ஏதோ அறுத்தது. அவள் முகமூடியைத் தேடினாள். அதன் பட்டை கழுத்துக்குப் பின்னால் தலைமுடியில் சிக்கியிருந்தது. இழுக்க இழுக்க வரவில்லை. மூச்சை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு மூச்சு உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று. கல்லைத் தள்ளிவிட்டு, அவருடைய நல்ல கையைப் பிடித்து இழுத்தாள். கதவுவரை எப்படிப் போனாள் என்று தெரியாது. அங்கே வில்சனும் இரண்டு ஆட்களும் ஈரத்துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார்கள்.

தண்டலம் பக்கத்து மருத்துவமனையில் இருவரையும் சேர்த்தார்கள். சம்பத்குமாருக்குக் காறையெலும்பு முறிந்திருந்தது. நுரையீரல் பரவாயில்லை என்றார்கள். ஜோவிதாவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். அவள் கணவன் ரிச்சர்ட் மூன்று நாள் கட்டிலை விட்டு நகரவில்லை. இருமல் அடங்கி அவள் வீட்டுக்குப் போகும்போது டாக்டர் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: இந்தப் புகை சிலருடைய உடம்பில் ஒரு பகையை உண்டாக்கிவிடும், இனி அதன் வாடை பட்டாலே மூச்சு முட்டலாம், பட்டுப் பார்த்தால்தான் தெரியும், படாமல் இருப்பதே நல்லது.

ஜோவிதா நம்பவில்லை. சுவரைக் கட்டி முடித்து, புது டிரம் வந்து, எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கிய அன்று முகமூடி போட்டுக்கொண்டு, பந்துக்குத் தோல் ஊற்றும் வார்ப்பு அறைக்குள் போனாள். காலை வேலை முழுக்க ஒன்றும் ஆகவில்லை. மதியம் மேதா அச்சைத் திறந்து காட்டியபோது, சரியாகப் பார்க்க வேண்டும் என்று முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்கிக் கட்டியதுபோல் மூச்சு முட்டியது. மேதாதான் அவளைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தாள். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் ஜோவிதா அழுதாள்.

சம்பத்குமார் அவளைத் தன் அறைக்கு வரச்சொன்னார். கை இன்னும் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. விசாரணைக்கு வந்தவர்களிடம் டிரம்மை வெளியே வைக்கச் சொன்னதும், சைரனைத் தடுக்கப் பார்த்ததும், ரென்ச்சை எடுத்துப் போனதும் தான்தான் என்று அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேலை போகுமோ இருக்குமோ தெரியாத நிலை.

"பெருமாள் என்னை விட்டுட்டு உன்னைப் போய்ப் பிடிச்சிருக்கார் பாரும்மா," என்றார். "என்ன சொல்றதுன்னே தெரியலை."

"ஒண்ணும் சொல்லாதீங்க சார். எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான்." கொஞ்சம் பொறுத்து, "பிளானிங்ல ஒரு சீட் இருக்கு. ஏ.சி. ரூம்," என்றார்.

"வேணாம் சார். கோர் பிரஸ்ஸுக்குப் போறேன். அங்க வெறும் ரப்பர் வாசனைதான். உருண்டை நடுவுல மெத்துன்னும் வெளிய கெட்டியாவும் வர்றதுக்கு வேகவைக்கிற சூட்டை மாத்திப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன். வார்ப்பு மேதா பாத்துக்குவா. நல்லா பாத்துக்குவா."



மாசி மாதத்தில்தான் ஒசாகாக்காரர்கள் வந்தார்கள். அன்று ஜோவிதா பிரஸ்ஸுக்கு முன்னால், திறந்த அச்சிலிருந்து உருண்டைகளை எடுத்து வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை முயன்றும் மனம் ஹாலின் மறுகோடிக்கே ஓடியது. கலவை எந்திரம் நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு யாரோ ஓடிவரும் சத்தம்.

மேதா வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு எட்டு உள்ளே வைத்தவள், ஜோவிதா தன்னையறியாமல் புறங்கையால் மூக்கை மூடுவதைப் பார்த்து நின்றாள். குனிந்து, ரெசின் வாடை ஏறிய தன் வேலைக் கோட்டைப் பார்த்தாள். திரும்பி வெளியே போனாள்.

கோட்டைக் கழற்றி வராந்தாக் கம்பியில் போட்டுவிட்டு, குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். ஜோவிதா பிரஸ்ஸை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். மேதா ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"முழுசா கேளு, முதல்லேர்ந்து சொல்றேன்," என்றாள்.