மூன்று பாத்திக் கீரை

பாலைவனத்தைச் சோலையாக்கியவர்களின் வரலாற்றை யாராவது எழுதினால், முதல் பக்கத்தில் மீராசா ஹாஜியாரின் பெயர் இருக்கும். தோட்டம் மொத்தம் மூன்று பாத்தி. ஓமானில், சோஹார் தொழிற்பேட்டையில், அவருடைய பழைய பேட்டரி கடைக்குப் பின்னால், தகர வேலிக்கும் கக்கூசுக்கும் நடுவில்.

பாத்தி வெட்டியவன் கார்மேகம். அதே இடத்தில் ஆறு வருஷம் பேட்டரி உடைத்து, ஆசிட்டையும் ஈயச் சேற்றையும் கொட்டியவனும் அவன்தான். டிரம்மில் பிடித்து வைக்கட்டுமா என்று அவன் கேட்டபோது, மண் குடித்துக்கொள்ளும், ஊற்று என்றார் ஹாஜியார். மண்ணும் குடித்தது. இப்போது கீரை வந்திருந்தது, கண்ணைப் பறிக்கும் பச்சையில்.

போன மாத மெடிக்கலில் கொடுத்த தாளை ஹாஜியாரின் மருமகன் ராஜிக்தான் அவனுக்குப் படித்துக் காட்டினான். ஈயம் இறங்கிய மண்ணில் விளைந்ததைத் தின்னக்கூடாது. உள்ளே ஏறியது கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. நரம்பையும் கிட்னியையும் கெடுக்கும். படித்துவிட்டு ராஜிக் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். மாமாவிடம் யார் சொல்வது என்ற பேச்சு அதோடு கலாஸ்.

கார்மேகம் சொல்லலாம்தான். ஆனால் ஊரில் மனைவி பூவாயி பெற்ற மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. அவன் போனில்தான் பார்த்திருக்கிறான். லீவுத் தாள் மூன்று வாரமாக ஹாஜியாரின் சட்டைப்பையில். பாஸ்போர்ட் அவருடைய அலமாரியில். வெள்ளிக்கிழமை அறுவடை விருந்து, அதில் கையெழுத்து என்று சொல்லியிருந்தார்.

விருந்து சஹனில். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர்: ஹாஜியார், ராஜிக், பக்கத்துப் பேட்டரி கடை அஸ்கர் அலி, தோட்டம் போட்ட கௌரவத்தில் கார்மேகம். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, நடுவில் அந்தக் கீரை. சஹனில் நல்லதை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. அஸ்கர் அலிக்கும் அந்த மண் தெரியும். அவர் மரியாதையாகக் கீரையை ராஜிக் பக்கம் தள்ளினார். ராஜிக் கார்மேகத்துக்கு. கார்மேகம் விருந்தாளிக்கு. கீரை மூன்று சுற்று வந்தது. கறி தீர்ந்தது.

ஹாஜியாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுக்குறத. இதுதான் சஹனோட பரக்கத்து. எனக்கு டாக்டர் கீரை வேணாண்டுட்டாரு, கிட்னியில கல்லு. கார்மேகம், நீ வளத்தது, நீயே தின்னு."

சொல்லிக்கொண்டே இடது கையால் லீவுத் தாளை எடுத்து முழங்காலில் விரித்தார்.

கார்மேகம் தாளைப் பார்த்தான். "மொதலாளி, அது நாம ஆசிட்டு ஊத்துன எடம்."

ராஜிக் எலும்பை ஆராய ஆரம்பித்தான். அஸ்கர் அலி தண்ணீர் கேட்டார்.

"அதைத்தான் நானும் எல்லாருட்டயும் சொல்றேன்," என்றார் ஹாஜியார். "ஆசிட்டு ஊத்துன எடத்துலயே இப்பிடி வெளஞ்சிருக்கு. மாஷா அல்லாஹ். தின்னு, யல்லா."

பேனா மூடி திறக்கவில்லை. மூன்று பேரும் அவன் கையைப் பார்த்தார்கள். கார்மேகம் முதல் கவளத்தை மெல்லாமல் விழுங்கினான். பிறகு மென்றான். தட்டின் அடி தெரிந்தபோது பேனா திறந்தது. முப்பது நாள் லீவு.

கை கழுவும் இடத்தில் ராஜிக் பக்கத்தில் வந்து நின்று, எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டான்.

ருசியாகத்தான் இருந்தது. கார்மேகம் விரலையும் நக்கியிருந்தான்.