அவன் வட்டமிட்ட இடம்

ராஜேஷ்குமார் பாதியில் விட்ட விமானத்தை அவன் அப்பா நல்லுசாமி முடிக்க வேண்டியதாயிற்று.

மிக்-21 போர் விமானத்தின் மாடல். நிஜ விமானத்தின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். ஒட்டி, தேய்த்து, வண்ணம் அடிக்க வேண்டும். உடலின் இரண்டு பாதிகளையும் அவன் ஒட்டியிருந்தான். இறக்கைகள் பெட்டியில் கிடந்தன. தை மாதப் பனியில், கிருஷ்ணகிரி சாலையில், பின்விளக்கு இல்லாமல் நின்ற லாரியில் அவன் பைக் மோதியது. இப்போது மழைக்காலம்.

பெங்களூரிலிருந்து ஜெகதீஷ் கூப்பிட்டான். மகனோடு ஒரே மாடல் சங்கத்தில் இருந்தவன்.

"அங்கிள், மாசக் கடைசியில எங்க ஷோ. ராஜேஷ் பேர்ல ஒரு டேபிள் போடறோம். அந்த மிக் இருந்தா நல்லாருக்கும். நான் முடிச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம்ப்பா. நானே பாக்குறேன்."

நல்லுசாமிக்குத் தேய்க்கத் தெரியும். ஓசூர் சிப்காட்டில் ஓர் அச்சுப் பட்டறையில் பாலிஷ் வேலை. பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சில் ஒரு கீறல் இருந்தால் அது வார்க்கிற ஒவ்வொரு மூடியிலும் விழும். நகத்தை ஓட்டிப் பார்ப்பார். தடுக்கினால் தேய்ப்பார்.

மகன் அவரைவிட மோசம். பெட்டியில் வரும் துண்டுகளில் ரிவெட் ஆணித்தலைகள் புடைத்திருக்கும். நிஜத்தில் அவை தகட்டோடு சமம். எல்லாவற்றையும் வழித்துவிட்டுத் தகட்டுக் கோடுகளை ஊசியால் புதிதாகக் கீறுவான். ஒரு கோடு முடியளவு விலகினால் சாப்பிட வரமாட்டான்.

ஞாயிறு காலை நல்லுசாமி உடலைக் கையில் எடுத்தார். முதுகில், விமானி அறைக்குப் பின்னால், இணைப்பை ஒட்டி நகம் தடுக்கியது. சுற்றிலும் பென்சிலில் ஒரு வட்டம். சரிசெய்ய வேண்டிய இடத்தை மகன் அப்படித்தான் குறித்து வைப்பான். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தார். முதலில் முரட்டுத்தாள், பிறகு மெல்லியது. கை தானாக வேலை செய்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பாதி போயிருந்தது. மீதியில் வளைவு வளைவாகக் கோடுகள்.

கைரேகை.

அந்தப் பசை தண்ணீரைப் போல ஓடும். இணைப்பின் மேல் விரல் இருந்தால் விரலுக்கடியிலும் ஓடி, பிளாஸ்டிக்கை இளக்கி, விரலைப் பதித்துவிடும்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். பாதி தேய்த்த பரப்பை அவர் வாழ்நாளில் கீழே வைத்ததில்லை. மீதியையும் தேய்த்தார்.

கிண்ணத்துத் தண்ணீர் பால் கலந்ததுபோல் ஆகியிருந்தது. கொட்டப் போனார். முடியவில்லை. ஜன்னலில் வைத்தார்.

ரோஜாப் பண்ணையில் பேக்கிங் வேலை முடிந்து அவர் மனைவி ராசாத்தி வந்தாள். வந்ததும் விமானத்தின் முதுகில் கட்டைவிரலை ஓட்டினாள்.

"என்னங்க, இங்கன ஒண்ணு இருந்துச்சே."

"எங்கன?"

"நடிக்காதீங்க. அவன் ரேகை. தெனமும் அதைத் தொட்டுட்டுத்தான் வேன் ஏறுறேன்."

அவர் ஈர உப்புத்தாளை மடித்தார்.

"தேச்சுட்டீங்களா?"

"அவனேதான் வட்டம் போட்டு வச்சிருந்தான். எடுக்கணும்னுதான?"

"அவன் இருந்தான், எடுக்க நெனச்சான். தொட்ட எடமெல்லாம் அவனுக்கு ரேகை விழும். எனக்கு?"

ஜன்னலில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். என்னவென்று கேட்கவில்லை. ஒரு தட்டை எடுத்து மூடினாள்.

இறக்கைகளை ஒட்டினார். வெள்ளி வண்ணம் அடித்தார். வெள்ளி எதையும் மறைக்காது. வண்ணம் காய்ந்த பிறகு முதுகில், அதே இடத்தில், ஒரு பள்ளம் தெரிந்தது. நீள்வட்டம். கட்டைவிரல் அளவு.

பட்டி வைத்து நிரப்பினார். தேய்த்தார். மறுபடி வெள்ளி. சில நாளில் பள்ளம் திரும்பி வந்தது.

"அது பசைதான் அங்கிள்," என்றான் ஜெகதீஷ். "உள்ள எறங்கியிருக்கும். பிளாஸ்டிக் இறுகுறதுக்கு மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அமுங்கிட்டேதான் இருக்கும்."

ராசாத்தி பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் உட்கார்ந்தது.

"ரேகை இல்ல," என்றாள். "ஆனா வந்துட்டான்."

"பசை, ராசாத்தி."

"இருக்கட்டும். இனிமே தொடாதீங்க."

ஷோவுக்கு முந்தின நாள் ஜெகதீஷ் காரில் வந்தான். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து முழுவதும் பார்த்தான்.

"சூப்பர் அங்கிள். ராஜேஷே தோத்துடுவான். இந்தப் பள்ளம் ஒண்ணுதான் குறை. ஜட்ஜுங்க டார்ச்சடிச்சா மொத இங்கதான் நிப்பாங்க. ராஜேஷ் இருந்தா இதை மேசையில வெக்கவே விடமாட்டான், ஆண்ட்டி. அடைச்சுடட்டுமா?"

ராசாத்தி யோசித்தாள்.

"அடைச்சா அப்படியே நின்னுடுமா?"

"ஷோ வரைக்கும் நிக்கும். அப்புறம் திரும்ப எறங்கும்."

"எறங்கும்ல?"

"எறங்கும் ஆண்ட்டி."

"அப்ப அடைச்சுக்க."

அவள் டீ போட உள்ளே போனாள். ஜெகதீஷ் பையிலிருந்து பட்டியை எடுக்கவில்லை. சூப்பர் க்ளூவை எடுத்தான். அது கல்லாக இறுகும், சுருங்காது; பள்ளம் திரும்பாது என்பது அவன் கணக்கு. நல்லுசாமி பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலை குனிந்துகொண்டான்.

"நாளைக்கு அவன் பேர்ல வெக்கறோம், அங்கிள். சரியா இருக்கணும்."

நல்லுசாமி அடுக்களைப் பக்கம் பார்த்தார். தடுக்கவில்லை.

ஷோ முடிந்து விமானம் வீட்டுக்கு வந்தது. எல்லாரும் முதுகைத்தான் புகழ்ந்தார்களாம். ராசாத்தி அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள்.

"இன்னும் வரல."

"வரும்."

"நீங்க சொல்றது நெசந்தான?"

"வரும்னுதான் அவன் சொன்னான்."

ஐப்பசி போயிற்று. வேனுக்கு நேரமானாலும் அவள் பார்க்காமல் போனதில்லை. பேச்சு குறைந்தது. ஒரு நாள் டார்ச்சை அடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டினாள்.

அன்று நல்லுசாமி லீவு போட்டார். கதவைச் சாத்தினார். மெல்லிய தாளை விரலில் சுற்றி, விமானத்தின் முதுகில் நினைவிலிருந்த இடத்தைத் தேய்த்தார். கொஞ்சம்தான். மேலே வெள்ளி அடித்தார். பிறகு வந்த நாட்களில், அவள் போன பின், இன்னும் கொஞ்சம். தானாக இறங்கியதுபோல் இருக்க வேண்டும். வேறு எந்தப் பரப்பிலும் அவர் ஒரு குறையை உண்டாக்கியதில்லை. கை பழகிக்கொண்டது.

ஒரு காலையில் அவள் குரல் கேட்டது.

"என்னங்க! வாங்களேன். வந்துருச்சு!"

வாயில் பல்துலக்கிய நுரையோடு போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் மேல் டார்ச் சாய்ந்திருந்தது.

"ரெண்டா இருக்கு," என்றாள்.

குனிந்து பார்த்தார். பின்னால் இருந்தது அவர் தேய்த்தது. அதற்கு ஒரு விரல் முன்னால், ஜெகதீஷ் அடைத்த இடத்தில், இன்னொன்று. ஆழமாக இருந்தது. அடியிலிருந்த பிளாஸ்டிக் க்ளூவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கியிருந்தது; ஓரத்தில் க்ளூவின் விளிம்பு தெரிந்தது. அவர் நினைவில் வைத்திருந்தது தப்பான இடம்.

"எது அவனோடது?"

முன்னால் இருந்ததைக் காட்டினார்.

அவள் விரலை அதில் வைத்தாள். எடுத்துப் பின்னதில் வைத்தாள். சிரிப்பு போயிருந்தது.

"அப்ப இது யாரு?"

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. நல்லுசாமி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். விரல் நுனியில் வெள்ளி இருந்தது.